அறிவுசார் குறைபாடு ஏழை வீட்டில்தான் வருமா? என் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது

கேள்வி: பை_தூக்கும்_டீச்சர்

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். தொகுப்பூதியம். இது பதினோராவது வருஷம். ஸ்கூட்டி முன்னால் ஒரு பை தொங்கும். அதில் வடிவப் பலகை, மணி கோக்கும் நூல், கலர் பந்து, பதிவேடு, குடை. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும், வருகிற பிள்ளைகளை வகுப்பில் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் வேலை.

போன மாதம் கணக்கெடுப்புக்காகப் பதிவேட்டைப் புதிதாக எழுதினேன். அறிவுசார் குறைபாடு என்ற தலைப்பில் மட்டும் 34 பெயர். தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. கூலி, கூலி, பெங்களூரில் கட்டட வேலை, கூலி, செங்கல் சூளை, திரும்பவும் கூலி. எழுதிக்கொண்டே வந்த கை ஒரு இடத்தில் தானாக நின்றுவிட்டது. 34 பேரில் கடை வைத்திருப்பவர் ஒருவர், அரசு வேலை ஒருவர். மெயின் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிற மாடி வீட்டுத் தெருக்களில் இருந்து ஒரு பெயர்கூட இல்லை.

மதியம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "வறுமைதான் டீச்சர், வேறென்ன" என்றார் ஒருவர். "குடிகாரன் புள்ள வேற எப்படி இருக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் "பரம்பரை" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். எனக்கு மூன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல மூன்று பிள்ளைகளைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. கழுத்து நிற்க மூன்று வருஷம் ஆனது. இன்னும் பேச்சு இல்லை. அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரத்தம் ஆறரைதான் இருந்திருக்கிறது. வலி எடுத்த ராத்திரி வண்டி கிடைத்து, போய்ச் சேர்ந்து, அங்கிருந்து வேறு ஊருக்கு அனுப்பி, விடிந்துவிட்டது. "பாப்பா அழவே இல்லைங்க டீச்சர். ரொம்ப நேரம் அழவே இல்லை." அந்த அம்மா ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியத்தில் வந்துதான் நிற்பார்.

இரண்டாவது ஒரு பையன், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாது. கேட்டால் பதில் வராது, சும்மா சிரிப்பான். பாதி நாள் பள்ளியில் இருக்க மாட்டான், ஆட்டோடு போய்விடுவான். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. முகாமில் அவனைச் சோதிக்க இருபது நிமிஷம்தான் கிடைத்தது, வெளியே அத்தனை கூட்டம். பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். அவன் அதைக் கொம்பு பிடிக்கிற மாதிரி முஷ்டியில் பிடித்தான். லேசான அறிவுசார் குறைபாடு, 50 சதவீதம் என்று சான்றிதழ் வந்தது. அந்த வாரமே சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். ஆடுகள் பட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், "ஒண்ணு வல்ல. செனையாடு" என்று சொல்லிவிட்டு ஓடினான். 23 ஆடு. நான் எண்ணியபோது இரண்டு தடவை தப்பிப் போனது.

மூன்றாவது குழந்தை என் பதிவேட்டிலேயே இல்லை. சேலத்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். கண்ணாடி ஏற்றிய காரில் இருந்து எங்கள் ஒன்றியத்துக்காரர் ஒருவர் மகளோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா முந்திக்கொண்டு, "கொஞ்சம் பேச்சு லேட்டு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். குழந்தைக்கு ஒன்பது வயது இருக்கும். பார்த்த எனக்குத் தெரியாதா?

இப்போது கேள்வி. ஏழ்மைக்கும் இதற்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா, இல்லை நாங்கள் ஏழைகளை மட்டும் எண்ணுகிறோமா? இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டுக்காரப் பையனின் அம்மா அந்தச் சான்றிதழை நீட்டி, "அம்பது சதவீதம்னா மூளை பாதிதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார். மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வேண்டும் என்கிறார் அப்பா. அம்மா வேண்டாம் என்கிறார், அவனுக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள், நாளைக்கு அவளைக் கேட்டு யார் வருவார்கள் என்று பயம். நான் என்ன சொல்லட்டும்?

---

பதில்: ஓய்வில்_ஒரு_உளவியலாளர்

டீச்சரம்மா, முதலில் அந்தத் தாய்க்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள். 50 சதவீதம் என்பது மூளையின் அளவே இல்லை. அன்றாட வாழ்க்கையைப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டு மதிப்பெண் போடுகிற சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம் என்று போட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 36 முதல் 54 வரை என்றால் 75. சலுகைக்கு 40 ஆவது இருக்க வேண்டும், அதற்காகப் போட்ட கணக்கு. இதை வாயால் சொல்லாமல் சான்றிதழை மட்டும் கையில் திணிப்பதால் வருகிற வினை இது. முப்பது வருஷமாக இதே கேள்வி என் காதிலும் விழுந்திருக்கிறது, "பாதி"க்குப் பதிலாக "முக்கால்வாசி" என்று வரும், அவ்வளவுதான்.

உங்கள் மூன்று பிள்ளைகளை ஒரே தலைப்பில் எழுத வைத்ததுதான் குழப்பத்தின் வேர். கடுமையான குறைபாடு எல்லா வீட்டிலும் வருகிறது. குரோமோசோம் கோளாறு பட்டா சிட்டாவைப் பார்த்து வருவதில்லை. லேசான குறைபாடுதான் ஏழை வீடுகளில் போய்க் குவிகிறது. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்து 1970ல் வெளியிட்டார்கள். கடுமையான குறைபாடு எல்லா வர்க்கத்திலும் பரவியிருந்தது. நரம்பு மண்டலத்தில் எந்தக் கோளாறும் தெரியாத லேசான குறைபாடு மட்டும் கிட்டத்தட்ட முழுக்க உடலுழைப்பாளர் வீடுகளில் இருந்தது. மருத்துவர், வக்கீல் வீடுகளில் அந்த வகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் ஏழ்மை மூளையைக் கெடுக்கிறதா, அல்லது சோதனை ஏழையைத் தோற்கடிக்கிறதா? இரண்டும் நடக்கிறது என்பதுதான் தொல்லையான பதில். உங்கள் ஆறு வயதுப் பெண் முதல் வகை. ஏழ்மை அங்கே ரத்தசோகையாக, வராத வண்டியாக, மூச்சுத் திணறலாக வந்திருக்கிறது. பணக்கார வீட்டிலும் பிரசவம் சிக்கலாகலாம், ஆனால் அங்கே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் கார் நிற்கும்.

இரண்டாம் வகைக்குச் செக் நாட்டைச் சொல்வேன். ஆஸ்ட்ராவா நகரத்தில், அங்கே ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினரான ரோமா இனப் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்து, அறிவு மந்தம் என்று சொல்லித் தனிப் பள்ளிகளில் போட்டார்கள். மற்ற பிள்ளைகளைவிட ஒரு ரோமா பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் போய்ச் சேர 27 மடங்கு வாய்ப்பு. 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்று அரசு வாதாடியது, எடுபடவில்லை. நம் முகாமில் வாங்குகிற கைநாட்டு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நானும் வாங்கியவன்தான்.

இனி ஆட்டுக்காரன். அறிவுசார் குறைபாடு என்று சொல்ல இரண்டு கால் வேண்டும். அறிவுத்திறன் 70க்குக் கீழே இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதிலும் அவன் வயதுக்குக் குறை இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஆகாது. 23 ஆட்டை எண்ணாமலே எது குறைகிறது என்று சொல்கிறவனுக்கு இரண்டாவது கால் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதே சமயம் ஒரு ஆட்டைக் கண்டுபிடித்ததை வைத்துக் குறையே இல்லை என்று தீர்ப்பு எழுதவும் மாட்டேன். பழகின மந்தையில் ஒரு முகம் குறைவதைக் கண்டுபிடிப்பது வேறு, எண்ணுவது வேறு. அம்மாவிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள்: தானே குளிப்பானா, கடைக்குப் போனால் மீதிச் சில்லறை சரியாக வருமா, ஒத்த வயதுப் பையன்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்களா. வாழ்க்கையைக் கேட்கிற இந்தச் சமூக முதிர்ச்சி அளவுகோலை நாக்பூரில் டாக்டர் மாலின் நம் நாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தார். முகாம் அவசரத்தில் முதலில் அடிபடுவது அதுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. அவன் காதையும் கண்ணையும் யாராவது பார்த்தார்களா? கேட்டால் பதில் வராது, சிரிப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. காது கேட்காத பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சான்றிதழ் வாங்குவதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 10 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதித்துப் புதுப்பிக்க வேண்டும், அப்போது மாறலாம்.

---

பதில்: நேர்பட_பேசு77

எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்? உங்க பக்கம் அக்கா மகளைக் கட்டுறது, மாமன் மகளைக் கட்டுறது சகஜம். அதான் காரணம். படிக்காத ஜனங்க சொன்னா கேக்கறதில்ல. வறுமை வறுமைன்னு சொல்லியே எல்லாத்துக்கும் சாக்கு சொல்லிட்டு இருக்கோம்.

---

பதில்: துணை_சுகாதார_நிலையம்

நேர்பட பேசுகிறவரே, நான் கிராம சுகாதார செவிலியர். பத்தொன்பது வருஷம் பிரசவம் பார்த்த கை. நீங்கள் சொல்வதில் பாதி சரி. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் மறைந்திருக்கிற மரபணுக் கோளாறு இரண்டு பக்கமும் சேர்ந்து குழந்தையிடம் வெளியே வர வாய்ப்பு கூடும். மாமன் மகள், அத்தை மகனைவிட அக்கா மகளைக் கட்டுவதில் அது இன்னும் கூடுதல். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கட்டினவர்கள், நாட்டிலேயே நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

ஆனால் "படிக்காத ஜனங்க" என்றீர்களே, அது தப்பு. என் பகுதியில் பத்து ஏக்கர் வைத்திருக்கிறவர் நிலம் வெளியே போகக் கூடாது என்று அக்கா மகளைக் கட்டுகிறார். கூலிக்காரர் நகை போட வழியில்லை என்று தாய்மாமனுக்கே கொடுக்கிறார். கல்யாணம் ஒன்று, காரணம்தான் வேறு. இன்னொரு சங்கதி, சொந்தத்தில் கட்டினவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. அதனால்தான் நாங்கள் சொன்னால் யாரும் நம்புவதில்லை, "எங்க பாட்டி கட்டலையா" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

டீச்சர், உங்களுக்கு நான் சொல்ல வந்தது உப்பு. எங்களுக்கு ஒரு சோதனைக் குப்பி கொடுப்பார்கள். உப்பில் ஒரு சொட்டு விட்டால் அயோடின் இருந்தால் ஊதா நிறம் வரும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006ல் இருந்து நாடு முழுக்கத் தடை இருக்கிறது. வீட்டு உப்பில் 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் இருந்து மூட்டையில் வருகிற கல் உப்பு சந்தையில் படியில் அளந்து கொடுக்கப்படுகிறது. பாக்கெட் உப்பு வாங்குகிற வீட்டில் சொட்டு ஊதாவாகிறது, சந்தை உப்பு வீட்டில் ஆவதில்லை. ஜாடியைத் திறந்தபடி அடுப்போரம் வைத்தால் இருக்கிற அயோடினும் போய்விடும். கர்ப்பத்தில் அயோடின் ரொம்பக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். இமாச்சலில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956ல் தொடங்கி அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்தபோது, அயோடின் குறைவால் வருகிற கழுத்துக் கழலை குறைந்ததை நிரூபித்தார்கள். அதற்கு அப்புறம்தான் 1962ல் தேசியத் திட்டம் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் ஏழை வாங்குகிற உப்பில் மட்டும் அது இல்லை.

ரத்தசோகையும் அப்படித்தான். முதலில் சொன்ன குடும்பநல ஆய்வில் நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குக் கீழ் நூற்றுக்கு 57 குழந்தைகளுக்கு ரத்தசோகை. முதல் இரண்டு வருஷத்தில் இரும்புச்சத்து குறைந்தால் அப்புறம் மாத்திரை கொடுத்தும் அந்தக் காலத்தை முழுசாகத் திருப்பிப் பிடிக்க முடிவதில்லை. சத்து மாத்திரை கொடுத்தால் கருப்பாக வயிற்றோடு போகிறது என்று குப்பையில் போடுகிறார்கள். அதைச் சாப்பிட வைக்கிறதுக்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

---

பதில்: விசைத்தறி_அம்மா

நான் குமாரபாளையத்துக்காரி. மேலே எல்லாரும் ஏழையாக இருந்ததால் குறைபாடு வந்தது என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் தலைகீழாக நடந்தது. என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், சார் சொன்ன குரோமோசோம் கோளாறுதான். இப்போது 17 வயது. பிறக்கும்போது எனக்கு 24, எங்களுக்குச் சொந்தத்தில் கல்யாணமும் இல்லை, ரத்தமும் நல்லா இருந்தது, எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

இருதயத்தில் ஓட்டை. அதற்கு இரண்டு தறியை விற்றோம். கோயம்புத்தூருக்கு வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு. போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அன்றைக்கு நூல் போட நான் இருக்க மாட்டேன், ஆள் வைக்க வேண்டும். ஆள் கூலி, பஸ், சாப்பாடு. கணக்கு எழுதினால் அழுகை வரும் என்று எழுதுவதை நிறுத்தினேன். கொழுந்தனார் பாகம் பிரித்துக்கொண்டு போனார், அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். இப்போது இரண்டு தறி. அதுவும் வீட்டுக்காரர் வெளியே ஜாப் தறியும் ஓட்டுவதால். இன்றைக்கு யாராவது வந்து எங்கள் வருமானத்தைக் குறித்துக்கொண்டு போனால், "ஏழை வீடு, குறைபாடுள்ள பிள்ளை" என்றுதான் எழுதுவார்கள். எது முதலில் வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அந்தக் காரில் வந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு வாத்தியார் வந்தார். வீட்டில் ஊனம் உள்ளவர் யாராவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. பையனுக்கு அப்போது மூன்று வயது, உள்ளே என் மடியில் இருந்தான். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து, "அப்படி யாரும் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினார். அவனுக்கு 12 வயது ஆகி, மாமனாரும் காலமான பிறகுதான் அட்டை எடுத்தோம். அதுவரை நாங்களும் கணக்கில் இல்லாத கிழக்குத் தெருக்காரர்கள்தான். மானம் இருக்கிறவரைக்கும் அட்டை வராது டீச்சர், காசு தீர்ந்ததும் வந்துவிடும்.

எடுத்த பிறகு மாதம் 2000 பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் வருஷம் ஒரு லட்சம் வரை பார்க்கலாம், தெரபிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. இதெல்லாம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு அம்மா. எந்த டாக்டரும் இல்லை.

---

பதில்: ஓய்வில்_ஒரு_உளவியலாளர்

அம்மா எழுதியது எங்கள் புத்தகங்களில் இரண்டு பக்கம் வரும், இவ்வளவு சரியாக வராது.

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரச் சேரிகளில் 1986–87ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்தார்கள். வயது 9 மாதம் முதல் 2 வருஷம் வரை. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு தடவை போய், வீட்டில் கிடைக்கிற பொருளை வைத்து எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு வருஷம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். அந்தப் பணியாளர் தூக்கிக்கொண்டு போனதும் உங்களுடையது போல ஒரு பைதான் டீச்சரம்மா. என்ன, அவர் குழந்தைக்கு ஒரு வயதில் போனார், உங்களை எட்டு வயதில் அனுப்புகிறார்கள்.

---

பதில்: பை_தூக்கும்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஆட்டுக்காரன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நேர்பட பேசு சாரும் படிக்கட்டும்.

முதலில் 50 சதவீதத்தை விளக்கினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பாதி இல்லையா" என்று ஒரு முறை கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார். நான் குடிக்கும்வரை விடவில்லை.

உளவியலாளர் சார் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். தானே குளிப்பான். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் தங்கைக்குச் சோறு போட்டுக் கொடுப்பான். மழை வரும் என்றால் இவர்கள் கூப்பிடும் முன்பே ஆட்டைத் திருப்பிவிடுவான். இதெல்லாம் நல்லது. ஆனால் கடைக்கு அனுப்பினால் ஒரு சாமானுக்கு மேல் மறந்துவிடுகிறான், சில்லறை எண்ண வராது. பையன்கள் விளையாட்டில் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் பந்து பொறுக்கத்தான். நான் ஆட்டைப் பார்த்து மயங்கியது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. சார் சொன்ன எச்சரிக்கை சரி.

அப்புறம் காது. அவனுக்குப் பின்னால் போய் நின்று வலது பக்கம் பெயரைச் சொன்னேன், திரும்பினான். இடது பக்கம் சொன்னேன், அசையவே இல்லை. பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் குனிந்தால் வாடை. சீழ். எத்தனை நாளாக என்று கேட்டால், "சின்னதில இருந்தே அப்பப்ப வரும் டீச்சர், தேங்கா எண்ணெ காய்ச்சி விடுவோம், நின்னுரும்." ஐந்து வருஷமாவது இருக்கும். அங்கன்வாடி, ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஒரு முகாம், நான் ஒன்றரை வருஷம். இத்தனை பேர் கையில் அந்தக் காது கடந்து வந்திருக்கிறது. நானும் அவனை எப்போதும் நேர் எதிரில் உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறேன், வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான் போல.

உப்பும் பார்த்தேன். எங்கள் ஊர் செவிலியரிடம் குப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மூடி இல்லாத மண் சட்டியில் கல் உப்பு. சொட்டு வெள்ளையாகவே நின்றது.

செவ்வாய்க்கிழமை தருமபுரியில் காது மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்று சொன்னேன். பஸ் கட்டணம் நான் போடுகிறேன் என்றும் சொன்னேன். காது சரியாகி, ஆறு மாதம் பள்ளிக்கும் ஒழுங்காக வந்தால் திரும்பச் சோதிக்கச் சொல்வோம், என்ன வருகிறதோ பார்ப்போம் என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். பையனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அப்பா பெங்களூரில் இருந்து போனில் வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"காது நல்லாயிட்டா அந்த ரெண்டாயிரம் வராதுங்களா டீச்சர்?"